காலராக் கிருமியைக் குடித்த பேராசிரியர்

ஒரே வீட்டில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஒரே சட்டியில் சமைத்ததை உண்கிறார்கள். ஊரில் கொள்ளைநோய் பரவும்போது அவர்களில் இருவர் படுத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு இலேசான வயிற்றுக் கோளாறு. மற்ற இருவருக்கும் ஒன்றுமே இல்லை. விடுதிகளில் வாழும் நமக்கு இது புதிய காட்சி அன்று. மழைக்காலத்தில் விடுதிக்குள் காய்ச்சல் புகுந்தால், ஒருவர் போர்வைக்குள் நடுங்குவார். அதே அறையில் அடுத்த கட்டிலில் இருப்பவர் பந்தாடப் புறப்படுவார்.

அப்படியானால் நோய்க்குக் காரணம் எது? கிருமியா, அல்லது கிருமிக்கு இடங்கொடுக்கும் உடலின் தளர்ச்சியா? உடலின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் கிருமி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிருமியைக் கொன்றுவிட்டால் போதும், வேறொன்றையும் எண்ண வேண்டியதில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்குப் பழைய வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் இரு கட்சியாக நின்று இதற்காக வாதாடினார்கள். அவர்களில் ஒருவர் வாதாடியதோடு நிற்கவில்லை. தம் உடலையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்தாம் ஜெர்மானியப் பேராசிரியர் மாக்ஸ் பெட்டன்கோபர். அவருடைய வாழ்க்கையை அறிந்தால் இந்த வழக்கின் இரு பக்கமும் நமக்குத் தெளிவாகும்.

பெட்டன்கோபர் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பவேரியா நாட்டில், டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள நாய்பர்க் நகருக்கு அருகே லிக்டன்ஹைம் என்னும் சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம், பிள்ளைகள் பலர். மியூனிச் நகரில் அவருடைய சிற்றப்பா அரண்மனை மருந்தகத்தின் தலைவராக இருந்தார். சிறுவனைத் தம்மிடம் வரவழைத்துப் படிக்க வைத்தவர் அவரே. படிப்பு முடிந்ததும் மருந்தகத்திலேயே தொழில் பழக வைத்தார்.

இளைஞரோ உணர்ச்சி மிகுந்தவர். சிற்றப்பாவோடு பிணக்கு ஏற்பட்டது. ஒருநாள் மருந்தகத்தை உதறிவிட்டு ஆக்ஸ்பர்க் நகருக்குச் சென்று நாடக மேடை ஏறிவிட்டார். வேறு பெயர் வைத்துக்கொண்டு சில மாதங்கள் நடிகராக வாழ்ந்தார். குடும்பத்தாருக்கு இது பெரிய தலைகுனிவாக இருந்தது. அவர் உள்ளத்தைக் கவர்ந்த உறவுப் பெண் ஹெலனாவின் அன்பே அவரை மீண்டும் படிப்புக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் அவரே அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார்.

திரும்பி வந்த பெட்டன்கோபர் 1843இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளிகளைப் பார்ப்பதைவிட வேதியியலிலேயே அவர் மனம் சென்றது. கீசன் நகரில் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர் லீபிக்கிடம் சிறிது காலம் பயின்றார். பித்தநீரிலுள்ள அமிலங்களைக் கண்டறியும் சோதனை ஒன்றை 1844இல் வகுத்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிறகு அரசாங்க நாணயச் சாலையில் பணி கிடைத்தது. அங்கே பழைய வெள்ளி நாணயங்களில் பிளாட்டினம் கலந்திருப்பதைக் கண்டு சொன்னார். 1847இல் மியூனிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1850இல், தனிமங்களின் எடைகளுக்கிடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று பவேரிய அறிவியற் கழகத்தில் கட்டுரை படித்தார். மெண்டலீவ் தம் புகழ்பெற்ற அட்டவணையை வெளியிட்டது 1869இல் என்பதை எண்ணினால், இவருடைய கண் எவ்வளவு தொலைவு பார்த்தது என்பது விளங்கும்.

இத்தகைய வேதியியலறிஞர் நோய்களின் பக்கம் திரும்பியது எப்படி? அதற்குக் காலராவே காரணம்.

காலரா நம் வங்காளத்தின் கங்கைக் கழிமுகத்தில் நெடுங்காலமாக இருந்த நோய். 1817இல் அது வங்காளத்தை விட்டு வெளியே கிளம்பியது. 1831இல் ஐரோப்பாவின் பெருநகரங்களை எட்டியது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் பிணமாவதைக் கண்டு மக்கள் கலங்கினார்கள். 1854ஆம் ஆண்டு கோடையில் மியூனிச் நகரில் பெரிய தொழிற்பொருட்காட்சி நடந்தது. கண்ணாடி மாளிகையைக் காண நாடெங்கும் இருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே காலராவும் வந்தது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள். பவேரியாவின் அரசியாக இருந்த தெரேசாவும் அதற்கு இரையானார். பெட்டன்கோபரையும் அந்த நோய் பற்றியது, அவர் பிழைத்தெழுந்தார். தாம் நோயில் கிடந்த இந்தச் செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடக்கப்போகும் ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு இது தொடர்புடையது.

நோயிலிருந்து எழுந்தவர் ஆராயத் தொடங்கினார். எந்தத் தெருவில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த வீடு மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது, அடியில் மண் எப்படிப்பட்டது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். காலரா எல்லா ஊரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை என்பதைக் கண்டார். பிரான்சு நாட்டில் லியோன் நகருக்குப் போக்குவரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே காலரா வேரூன்றவில்லை. நோயாளி வந்து சேர்ந்த ஊர்களில்கூடச் சிலவற்றில்தான் நோய் பரவியது. கிருமி மட்டுமே காரணமானால் அது போன இடமெல்லாம் பரவ வேண்டுமே என்று அவர் கேட்டார்.

இதற்கு அவர் கண்ட விடை இது. காலராவுக்கு ஒரு விதை உண்டு. அது மனிதரோடு பயணம் செய்கிறது. ஆனால் விதை மட்டும் போதாது. அது விழும் நிலம் ஏற்றதாக இருக்க வேண்டும். மலமும் குப்பையும் ஊறிய, காற்றும் ஈரமும் புகக்கூடிய இளகிய மண்ணில், நிலத்தடி நீர் மேலேறிப் பிறகு கீழிறங்கும் காலத்தில், அந்த விதை முதிர்ந்து நஞ்சாகிறது. பாறை மேல் அமைந்த ஊருக்கு அச்சமில்லை. அல்ஜீப்ரா கணக்கில் எழுதுவதுபோல், விதைக்கு எக்ஸ் என்றும் நிலத்தின் தன்மைக்கு ஒய் என்றும் பெயரிட்டார். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தாலன்றிக் கொள்ளைநோய் இல்லை. இவற்றோடு ஒவ்வொருவர் உடலுக்கும் உள்ள ஏற்புத் தன்மையையும் அவர் கணக்கில் சேர்த்தார்.

இதே காலத்தில் இலண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வேறொரு விடை கூறினார். 1854இல் பிராட் தெருவின் குழாய்க் கிணறு ஒன்றைச் சுற்றி மக்கள் மடிந்ததைக் கணக்கெடுத்து, காலரா குடிதண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று காட்டினார். பெட்டன்கோபர் இதை ஏற்கவில்லை. தண்ணீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் காலராவைத் தண்ணீர் கொண்டுவருகிறது என்பதை இறுதிவரை மறுத்தார். அவருடைய பெரும்பிழை இங்கேதான் தொடங்கியது.

எனினும் இந்தப் பிழையான கொள்கையிலிருந்து அவர் செய்த பணி மிகப் பெரியது. மண் கெட்டிருப்பதே நோய்க்குக் காரணம் என்று நம்பியவர் என்ன செய்வார்? மண்ணைத் தூய்மையாக்க முனைவார். மியூனிச் நகரில் அந்நாளில் வீட்டுக்கு வீடு மலக்குழிகள். அவை கசிந்து மண்ணெல்லாம் ஊறிக்கிடந்தது. குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டு அந்நகரின் நிரந்தர விருந்தாளி. நகருக்குச் சாக்கடைகள் வேண்டும், மலையடிவாரத்திலிருந்து நல்ல தண்ணீர் வேண்டும், கண்ட இடத்தில் கால்நடைகளை வெட்டாமல் ஒழுங்கான இறைச்சிக் கூடம் வேண்டும் என்று அவர் ஓயாமல் வற்புறுத்தினார். 1873இல் பொதுமக்கள் முன் இரண்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நோயால் ஒரு நகரம் ஆண்டுதோறும் எவ்வளவு பணத்தை இழக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். சாக்கடை கட்டுவது வீண் செலவு என்று முணுமுணுத்தவர்களுக்கு, நோயைக் குறைத்தால் வரும் ஆதாயத்தை எண்களால் விளக்கினார். நகராட்சி செவிசாய்த்தது. கழிவுநீர்ச் சாக்கடைகள் எழுந்தன. 1883இல் மாங்பால் பள்ளத்தாக்கின் ஊற்றுநீர் குழாய்களில் நகருக்கு வந்தது. டைபாய்டுச் சாவுகள் பெருமளவு குறைந்தன. ஐரோப்பாவில் நோய் மலிந்த நகரம் என்று பெயரெடுத்த மியூனிச், நலமான நகரங்களில் ஒன்றாயிற்று.

உடல்நலத்தைத் தனி அறிவியலாக்கிய பெருமையும் அவருக்கு உண்டு. 1865இல் மியூனிச் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியலுக்கென்று அமைந்த பேராசிரியர் பதவியை முதலில் ஏற்றவர் அவரே. 1879இல் அதற்கென்று தனி ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. மனிதன் உள்ளே தங்கி உண்டு உறங்கக்கூடிய ஓர் அறையை அமைத்து, அவன் மூச்சில் செல்வதையும் வருவதையும் போய்ட் என்ற துணைவரோடு அளந்தார். பலர் கூடியிருக்கும் அறையின் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு சேரக்கூடாது என்று 1858இல் வரையறுத்தார். வகுப்பறையில் காற்றோட்டம் பற்றிப் பேசும் பொறியாளர்கள் இன்றும் இந்த அளவை நினைவுகூர்கிறார்கள். ஆடை, வீடு, உணவு, காற்று, மண் என்று எதையும் விடாமல் அளந்து பார்த்தவர் அவர்.

அவருடைய கொள்கை நம் நாட்டுக்கும் வந்தது. லூயிஸ், கன்னிங்ஹாம் என்னும் இரண்டு இளம் இராணுவ மருத்துவர்களை ஆங்கில அரசாங்கம் காலரா ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்கு அனுப்பியது. அதற்கு முன் அவர்கள் ஜெர்மனிக்குச் சென்று பெட்டன்கோபரைக் கண்டு அவர் முறைகளைக் கற்றார்கள். 1869இல் கல்கத்தாவில் பணி தொடங்கினார்கள். காலரா ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, இடத்தின் தன்மையாலேயே எழுகிறது என்ற கருத்து இந்திய அரசாங்கத்தின் சுகாதார அதிகாரிகளிடையே ஓங்கியிருந்தது. சூயஸ் கால்வாய் திறந்த காலம் அது. தொற்றுநோய் என்று சொன்னால் கப்பல்களைத் துறைமுகங்களில் நாட்கணக்கில் நிறுத்திவைப்பார்கள், வாணிகம் கெடும். ஆகவே இந்தக் கருத்து ஆள்வோருக்கு வசதியாகவும் இருந்தது. ஓர் அறிவியற் கருத்து உண்மையா என்பதோடு, அது யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே கல்கத்தாவில்தான் பெட்டன்கோபரின் கொள்கைக்குப் பெரிய அடி விழுந்தது. ஜெர்மனியின் மற்றோர் அறிஞர் இராபர்ட் கோக், 1883இல் எகிப்து நாட்டுக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் காலராவைத் தேடி வந்தார். இறந்தவர்களின் குடலில் காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியைக் கண்டார். இத்தாலியில் பச்சினி என்பவர் 1854இலேயே அதைக் கண்டிருந்தார். ஆனால் உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. கோக் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். மக்கள் குளித்து, துணி துவைத்து, அந்தத் தண்ணீரையே குடித்துவந்த ஒரு குளத்தில் அதே கிருமி இருப்பதையும் 1884இல் கண்டறிந்தார். காலராவின் காரணம் கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது.

பெட்டன்கோபர் அசையவில்லை. கோக் கண்ட கிருமி தாம் சொன்ன எக்ஸாக இருக்கலாம். அதனால் ஒய் இல்லாமல் போய்விடுமா என்பதே அவர் நிலை. கோக்கின் வாதத்தில் ஒரு குறையும் இருந்தது. அந்தக் கிருமியை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மனிதருக்கு வருவது போன்ற காலரா எளிதில் வரவில்லை. இந்தக் குறையைப் பெட்டன்கோபர் கட்சியார் விடாமல் சுட்டிக்காட்டினார்கள்.

வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதுபோல் 1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா வெடித்தது. ஹாம்பர்க் பெரிய துறைமுகம்; செல்வம் கொழித்த நகரம். ஆனால் அது எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குடித்துவந்தது. வடிகட்டும் நிலையம் அமைக்கும் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நோய் வந்திருக்கிறது என்று அறிவிக்கவும் அதிகாரிகள் தயங்கினார்கள். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 8,600 பேர் இறந்தார்கள்.

அதை ஒட்டினாற்போல் ஆல்டோனா என்ற மற்றொரு நகரம் இருந்தது. இரண்டுக்கும் இடையே எல்லையாக இருந்தது ஒரு தெருவே. ஆல்டோனாவும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது. ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, கீழ்ப்பக்கத்தில் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிய பிறகே மக்களுக்குக் கொடுத்தது. தெருவின் ஒருபுறம் வீட்டுக்கு வீடு பிணம். மறுபுறம் நோய் மிகக் குறைவு. இருபுறத்திலும் ஒரே மண், ஒரே நிலத்தடி நீர், ஒரே காற்று, ஒரே வகை மக்கள். வேறுபட்டது குழாயில் வந்த தண்ணீர் ஒன்றே. இதைக் கோக் எடுத்துக்காட்டினார். மண்ணில் முதிர்ந்தாலன்றிக் காலரா இல்லை என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆனால் தம் வாழ்நாள் முழுவதையும் ஒரு கொள்கைக்குக் கொடுத்த முதியவர் அதை எளிதில் விட்டுவிடுவாரா? ஹாம்பர்க் நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த காலராக் கிருமிகளை வரவழைத்தார். 1892ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், சாட்சிகள் முன்னிலையில், கோடிக்கணக்கான கிருமிகள் கொண்ட அந்தச் சாற்றில் ஒரு கன சென்டிமீட்டரைக் குடித்தார். அப்போது அவருக்கு வயது 73. இரைப்பையின் அமிலம் கிருமிகளைக் கொன்றுவிட்டது என்று யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காகச் சமையல் சோடாவையும் தண்ணீரில் கரைத்து உட்கொண்டார். உயிர் போனாலும் போகட்டும் என்ற துணிவோடு செய்த செயல் அது.

என்ன நடந்தது? சில நாட்களில் வயிறு இளகியது, வயிற்றுப்போக்கு இருந்தது, பிறகு தானே சரியாயிற்று. மலத்தில் காலராக் கிருமிகள் ஏராளமாக இருந்தன. பத்து நாட்கள் கழித்து அவருடைய மாணவர் எம்மெரிக்கும் அவ்வாறே குடித்தார். அவருக்கு வயிற்றுப்போக்கு மிகக் கடுமையாக இருந்தது, எனினும் பிழைத்தார். கிருமி உடலுக்குள் பெருகியும் உண்மையான காலரா வரவில்லை, ஆகையால் கிருமி மட்டும் போதாது என்பது மெய்யாயிற்று என்று பெட்டன்கோபர் அறிவித்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவருக்கு வந்த வயிற்றுப்போக்கு எது? அதுவே இலேசான காலரா. எம்மெரிக்குக்கு வந்ததும் காலராவே. காலராக் கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய்க்குறி தோன்றுவதில்லை, அல்லது இலேசாகத் தோன்றி மறைகிறது என்று இன்று நாம் அறிவோம். அதனால்தான் அந்தக் கிருமி நலமுள்ளவர் போல் நடமாடுபவர்களோடு ஊர்விட்டு ஊர் செல்கிறது. 1854இல் அவருக்குக் காலரா வந்திருந்ததும் ஓரளவு காத்திருக்கக்கூடும். எவ்வாறாயினும், இரண்டு பேர் பிழைத்தது பல்லாயிரவர் சாவுக்கு மறுமொழியாகாது. ஒரு மனிதன் மாடியிலிருந்து விழுந்து காயமின்றி எழுந்தால், மாடியிலிருந்து விழுவதால் தீங்கில்லை என்று முடிவு கட்ட முடியுமா? பெட்டன்கோபரின் செயல் பெருந்துணிவுதான். ஆனால் துணிவு வேறு, சான்று வேறு.

அதே ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் இந்தக் கேள்விக்கு வேறு வழியில் விடை தேடினார்கள். உருசிய அறிஞர் மெச்னிகாப், உடலில் புகும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் நம் இரத்தத்தில் இருப்பதை 1882 முதல் விளக்கிவந்தவர். உடல் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட அவரும் காலராக் கிருமியைக் குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரிடம் குடித்த வேறொருவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவருடைய நாட்டவரான ஹாப்கின் அதே 1892இல் காலராத் தடுப்பூசியைத் தம் உடலில் போட்டுக்கொண்டு சோதித்தார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார். கிருமியை ஒத்துக்கொண்டு, உடலையும் ஒத்துக்கொண்டு, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பழக்கலாம் என்பது தடுப்பூசியின் வழி. இரு கட்சிகளும் கைகோக்கக்கூடிய இடம் இதுவே. முதியவர் அந்த இடத்துக்கு வரவில்லை.

அவருடைய இறுதிக் காலம் துயரமானது. பட்டங்களுக்கும் பெருமைகளுக்கும் குறைவில்லை. 1883இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1890 முதல் பவேரிய அறிவியற் கழகத்தின் தலைவராக விளங்கினார். ஆனால் துணைவியையும் மக்களில் சிலரையும் இழந்தார். கிருமியியல் வென்றுவர, அவருடைய மண் கொள்கை மறக்கப்பட்டது. 1894இல் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். தனிமையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1901ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், 82ஆம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் நெடுநாள் வாழ வழி செய்தவரின் மன நோயைத் தீர்க்கும் மருத்துவம் அன்று இல்லை.

அவர் மறைந்த பின் வழக்கு எப்படி முடிந்தது? அதன் முக்கியமான பகுதி மீண்டும் கல்கத்தாவிலேயே எழுதப்பட்டது. சம்புநாத் தே என்ற இந்திய அறிஞர், கிருமிகளை முற்றிலும் நீக்கிவிட்ட சாறுகூடக் குடலில் தண்ணீரைப் பெருகச் செய்கிறது என்று 1959இல் காட்டினார். காலராக் கிருமியே நஞ்சை உண்டாக்குகிறது. அது மண்ணில் முதிர வேண்டியதில்லை என்பது உறுதியாயிற்று. பிறகு அமெரிக்காவில் மனமுவந்து முன்வந்தவர்களிடம் நடத்திய சோதனைகளில் மற்றோர் உண்மை வெளிவந்தது. இரைப்பை அமிலம் சரியாக இருப்பவரை நோயில் வீழ்த்தப் பத்துக் கோடி அளவில் கிருமிகள் வேண்டும். சமையல் சோடா கொடுத்து அமிலத்தை மாற்றிவிட்டால் பத்து இலட்சமே போதும். கிருமி ஒன்றே, உடலின் நிலை மாறினால் அதன் வலிமையும் மாறுகிறது. ஓ இரத்த வகையினருக்குக் காலரா வந்தால் கடுமையாக வருகிறது என்பதும் தெரிந்தது. உடலின் பங்கு உண்டு என்று பெட்டன்கோபர் சொன்னது பொய்யன்று. அவர் பிழை செய்தது அதைக் கொண்டு தண்ணீரின் பங்கை மறுத்ததில்தான்.

காசநோயைப் பற்றிய இரண்டு இந்திய ஆராய்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த உண்மை இன்னும் தெளிவாகும். நல்ல உணவும் ஓய்வும் நல்ல காற்றும் இருந்தால்தான் காசநோய் தீரும் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய விடுதியில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே இருக்கவிட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உணவு குறைவு; உழைப்பு மிகுதி. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. கிருமியைத் தாக்கும் மருந்தின் ஆற்றல் அத்தகையது.

மற்றொன்று ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்தது. காசநோயாளிகளின் வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மறுபகுதியில் வீட்டார் அனைவருக்கும் அரிசியும் பருப்பும் பிறவும் கொடுத்தார்கள். வீட்டார் நன்றாக உண்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. 2023இல் வெளியான முடிவு இது. அதே கிருமி, அதே நெருக்கமான வீடு. வயிறு நிறைந்தபோது பலரைக் கிருமியால் வீழ்த்த முடியவில்லை.

ஆகவே, நண்பர்களே, கிருமியா உடலா என்ற கேள்வியை ஒன்றை ஒன்று விலக்கும்படி கேட்பதே தவறு. கிருமி இல்லாமல் காலரா இல்லை, காசநோய் இல்லை. எவ்வளவு வலிய உடலாயினும் அசுத்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் ஒருநாள் வீழும். ஹாம்பர்க்கில் இறந்தவர்கள் எல்லாரும் நலிந்தவர்கள் அல்லர். மறுபுறம், பசித்த உடலில், நெருக்கடியான குடிசையில், சாக்கடையற்ற தெருவில் கிருமிக்கு வேலை எளிதாகிறது.

பெட்டன்கோபரின் பெயரைச் சொல்லிக் கிருமி என்பதே பொய் என்று பேசுவோர் இன்றும் உண்டு. அவர்கள் அவர் குடித்ததை மட்டும் நினைக்கிறார்கள். அவர் கட்டச் செய்த சாக்கடைகளை மறந்துவிடுகிறார்கள். கிருமியைத் துச்சமாக எண்ணியவர்கூட நகரத்துக்கு மலைநீர் வேண்டும் என்று போராடினார். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று சொல்லித் தடுப்பூசியையும் கொதித்த நீரையும் அவர் பெயரால் ஒதுக்குவது அவருக்கும் நீதியாகாது.

மியூனிச் நகரில் அவருடைய சிலை இருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் அந்த நகரின் மண்ணுக்கடியில் ஓடும் சாக்கடையும், மலையிலிருந்து வரும் குழாயும்தான். நாம் வாழும் விடுதியின் தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது, சமையற்கூடத்துக் கழிவுநீர் எங்கே போகிறது, நம் தோழர்களில் யார் காசு போதாமல் ஒருவேளை உணவை விடுகிறார்கள் என்று நாம் கேட்கத் தொடங்கினால், அந்த முதியவரின் சரியான பாதியையும் கோக்கின் சரியான பாதியையும் ஒருங்கே கற்றவர்களாவோம்.